சீலிங் ஃபேன்ல ஒரு ஸ்டிக்கர் பொட்டு: மோஷன் ப்ளர் ஆராய்ச்சிக்கு வீடியோ எடுக்குறது எப்படி

ஓடிட்டு இருக்குற சீலிங் ஃபேனுக்கு நேர் கீழ படுத்துக்கிட்டு போன்ல ஒரு சின்ன வீடியோ எடுங்க, அப்புறம் எங்கயாவது பாஸ் பண்ணி பெருசாக்கிப் பாருங்க. றெக்கையோட நுனி வெறும் புகை மாதிரி இருக்கும், நடுவுக்கு வர வர கொஞ்சம் கொஞ்சமா உருவம் கிடைக்கும், பின்னாடி சீலிங்ல இருக்குற விரிசல் மட்டும் துல்லியமா தெரியும். இதுல ஒரு வேடிக்கை, நடுவுல இருக்குற மோட்டார் மூடியும் சுத்திட்டுதான் இருக்கு, ஆனா அதோட வட்டமான விளிம்பு காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி கச்சிதமா இருக்கும். அது ஏன்னு கொஞ்சம் கழிச்சு சொல்றேன், இப்போதைக்கு மனசுல வச்சுக்கங்க.

கம்ப்யூட்டர் விஷன் (படத்த கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கிற துறை) படிக்கிற பசங்க நிறைய பேரு மோஷன் ப்ளர், அதாவது அசைவால படத்துல வர்ற மங்கல் பத்தி ப்ராஜெக்ட் எடுத்துக்கிட்டு, சரி வீடியோ எடுப்போம்னு போன தூக்கிட்டு ரோட்டுக்குப் போயிடுறாங்க. ரெண்டு மணி நேரம் எடுத்துட்டு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா அந்த வீடியோவ வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது. நானும் அப்டி எடுத்தவன்தான். அதனால வீட்டு ஃபேனுலயே எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டு அப்புறம் ரோட்டுக்குப் போகலாம்ங்கிறது என் கட்சி.

முதல்ல ப்ளர் எப்படி வருது. போட்டோவ நாம ஒரு நொடியில உறைஞ்சு போன காட்சினு நினைக்கிறோம், அது உறையுறதே இல்ல. தெருவுல வரிசையா நூறு குடம் வச்சிருக்குனு வைங்க, தண்ணி லாரி ஹோஸ ஒரே குடத்து மேல பிடிச்சா அந்த ஒரு குடம் நிறையும், பிடிச்சுக்கிட்டே வரிசையோட நடந்தா அதே தண்ணி நாப்பது அம்பது குடத்துல கொஞ்சம் கொஞ்சமா விழும். பிக்சல்தான் குடம், வெளிச்சம்தான் தண்ணி, ஷட்டர் திறந்திருக்குற நேரம்தான் ஹோஸ் திறந்திருக்குற நேரம். அந்த நேரத்துக்குள்ள பொருள் நகர்ந்தாலும் சரி, கை ஆடி கேமரா நகர்ந்தாலும் சரி, ஒரு குடத்துல விழ வேண்டிய வெளிச்சம் பல குடத்துல போய் விழுது. ஃபோகஸ் தப்புனதால வர்ற மங்கல் வேற, அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். மோஷன் ப்ளருக்கு திசை உண்டு.

எவ்வளவு நீளத்துக்கு இழுபடும்ங்கிறது எளிய பெருக்கல் கணக்குதான், ஒரு செகண்டுக்கு எத்தனை பிக்சல் நகருதோ அத ஷட்டர் நேரத்தால பெருக்கணும். நம்ம ஃபேனையே எடுத்துக்கலாம். வீட்டு ஃபேன் ஃபுல் ஸ்பீடுல நிமிஷத்துக்கு சுமாரா 380 சுத்து சுத்தும், அப்டினா செகண்டுக்கு 2280 டிகிரி. ஷட்டர் 1/50 செகண்ட்னா ஒரு ஃப்ரேமுக்குள்ளயே றெக்கை 45 டிகிரி திரும்பிடுது. நுனி மையத்துலருந்து 60 சென்டிமீட்டர்ல இருக்கு, போன் ரெண்டு மீட்டர் கீழ, 1080பி வீடியோனா (உயரம் 1080 பிக்சல்) அந்த நுனி படத்துல சுமாரா 330 பிக்சலுக்கு இழுபடும். ஃப்ரேமோட உயரத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு! ஷட்டர 1/1000க்கு கொண்டு வந்தாலும் 16, 17 பிக்சல் மிச்சம் இருக்கும். 1/8000க்குப் போனாதான் ரெண்டு பிக்சல். ஆயிரத்துல ஒரு செகண்ட்னு கேக்க என்னமோ மின்னல் மாதிரி இருக்கு, ஃபேன் றெக்கைக்கு அது நிதானமான நேரம்.

இதே ஃப்ரேம்ல மையத்துலருந்து பத்து சென்டிமீட்டர்ல இருக்குற ஒரு புள்ளி 55 பிக்சல்தான் இழுபட்டிருக்கும், சீலிங் பூஜ்யம். ஒரே படத்துல ஒவ்வொரு இடத்துலயும் வேற வேற நீளம், வேற வேற திசை. ஆரம்பத்துல பாடப்புத்தகத்துல சொல்லிக் குடுக்குற, படம் முழுக்க ஒரே கோடு மாதிரி இழுத்த ப்ளர் இருக்கே, அது நிஜத்துல ரொம்ப அபூர்வம்னு இந்த ஒரு ஃபேனே சொல்லிடும்.

இப்ப எல்லாரும் குழப்பிக்கிற இடம். எஃப்பிஎஸ் வேற, ஷட்டர் ஸ்பீடு வேற. எஃப்பிஎஸ்ங்கிறது செகண்டுக்கு எத்தனை தடவ படம் எடுக்குறோம்ங்கிறது, ஷட்டர்ங்கிறது ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம்ங்கிறது. 30 எஃப்பிஎஸ் வீடியோவுல ஷட்டர் 1/30க்கு மேல நீள முடியாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு, மத்தபடி மத்தியான வெயில்ல அதே 30 எஃப்பிஎஸ் வீடியோவ போன் 1/4000ல எடுத்துட்டு இருக்கும், ராத்திரி ஹால்ல 1/30ல எடுத்துட்டு இருக்கும், உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாது. ப்ளருக்கு கணக்கு ஷட்டருதான்.

நான் மாட்டுனது இங்கதான். மொட்டை மாடியிலருந்து காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் இருட்டுற வரைக்கும் ரோட்டுல போற வண்டிய விட்டு விட்டு எடுத்தேன், எல்லாம் ஆட்டோ மோடுல. ப்ளர் இருக்கா இல்லையானு சொல்ற ஒரு சின்ன ஏஐ மாடல (உதாரணம் பாத்து தானா கத்துக்குற ப்ரோக்ராம்) அந்த வீடியோவ வச்சு ட்ரெயின் பண்ணேன், பிரமாதமா வேலை செஞ்சுது, எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒரு நண்பன் கேட்டான், பகல்ல எடுத்த தெளிவான படத்தோட வெளிச்சத்த மட்டும் குறைச்சு அதுக்கு காட்டிப் பாருடான்னு. காட்டுனா உடனே ப்ளர்னு சொல்லுது! ஆட்டோ மோடுல பகல்ல ஷட்டர் வேகம், சாயங்காலம் ஷட்டர் மெதுவு, அதனால அது கத்துக்கிட்டது இருட்டா இருந்தா ப்ளர்ங்கிறத மட்டும்தான். ஒரு நாள் முழுக்க வெயில்ல நின்னதுக்கு கிடைச்சது வெளிச்சத்த அளக்குற லைட் மீட்டர்.

அதனால முதல் வேலை எல்லாத்தையும் பூட்டுறது. போன்ல ப்ரோ வீடியோ மோட் இருந்தா நல்லது, இல்லாட்டி ப்ளாக்மேஜிக் கேமரா மாதிரி ஷட்டர நம்ம கையில குடுக்குற ஆப் போட்டுக்கங்க. ஷட்டர், ஐஎஸ்ஓ (வந்த வெளிச்சத்த கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டுதுங்கிற அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறத்த சரிக்கட்டுற செட்டிங்) நாலையும் லாக் பண்ணிடுங்க. ஸ்டெபிலைசேஷன ஆஃப் பண்ணுங்க, இது முக்கியம், ஏன்னா அது ஃப்ரேம நகர்த்தி நகர்த்தி ஆட்டத்த மறைச்சுடும், ஆனா ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளயும் ஏற்கனவே விழுந்த ப்ளர் அப்டியே இருக்கும், படம் அசையாம நிக்குது ஆனா கலங்கியிருக்குனு ஒரு விசித்திரமான டேட்டா உங்க கைக்கு வரும். வேற வேற வெளிச்ச அளவுல எடுத்தத ஒண்ணா சேர்க்குற எச்டிஆரும் வேண்டாம். லென்ஸ்குள்ளயே இருக்குற ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன நிறைய போன்ல நிறுத்தவே முடியாது, அதுக்கு ட்ரைபாட்தான் வழி.

பூட்டுனதும் ரெண்டு தொல்லை வரும். வெளிய வெயில்ல 1/50 வச்சா படம் வெள்ளையா வெந்து போகும், பெரும்பாலான போன்ல லென்ஸோட துவாரத்த சின்னதாக்க முடியாதுல்ல, அதனால என்டி ஃபில்டர்னு ஒரு கருப்புக் கண்ணாடிய முன்னாடி மாட்டணும். உச்சி வெயிலுக்கு வெளிச்சத்த 64ல ஒரு பங்கா குறைக்கிற என்டி64 கிட்டத்தட்ட சரியா இருக்கும். வீட்டுக்குள்ள வேற தொல்லை, நம்ம ஊரு கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால ட்யூப் லைட்டும் நிறைய எல்இடி பல்பும் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும். 1/50, 1/100ல வச்சா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முழு மினுக்கு கிடைக்கும், ஒண்ணும் தெரியாது. 1/1000க்குப் போனா படத்துல இருட்டுப் பட்டை பட்டையா ஓடும். வேகமான ஷட்டர் வேணும்னா ஜன்னல தொறந்து பகல் வெளிச்சத்துல எடுங்க.

இப்ப பொட்டு. ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஒரு றெக்கையோட நுனியில சின்னதா ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்க. (எங்க வீட்டுல ரெண்டு நாள் கழிச்சு அம்மா நிமிர்ந்து பார்த்துட்டு யாருடா ஃபேனுக்கு பொட்டு வச்சதுன்னு கேட்டாங்க.) ஃபேன ஓட விட்டு 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷன்ல எடுத்து, பொட்டு கிளம்புன இடத்துக்கே திரும்பி வர எத்தனை ஃப்ரேம் ஆகுதுனு எண்ணுங்க. 38 ஃப்ரேம்னா ஒரு சுத்துக்கு 38/240 செகண்ட், அதாவது நிமிஷத்துக்கு 379 சுத்து, ஃபேனோட வேகம் தெரிஞ்சு போச்சு. அடுத்து ரெகுலேட்டர தொடாம சாதாரண வீடியோ எடுத்து, ஒரு ஃப்ரேம்ல பொட்டு எத்தனை டிகிரிக்கு வில்லு மாதிரி இழுபட்டிருக்குனு அளங்க. 45 டிகிரின்னா ஷட்டர் நிஜமாவே 1/50. ஆப் 1/50னு எழுதியிருக்கு ஆனா வில்லு 23 டிகிரிதான் இருக்குன்னா ஆப் பொய் சொல்லுது. ஸ்லோமோஷனும் நிஜமானு இதுலயே தெரியும், சில போன் 240 எஃப்பிஎஸ்னு போட்டுட்டு ஒரே ஃப்ரேம ரெண்டு தடவ குடுக்கும், அப்ப பொட்டு ரெண்டு ஃப்ரேமுக்கு ஒரே இடத்துல நிக்கும். அஞ்சு பைசா செலவில்லாத அளவுகோல் இது.

வீடியோ எடுத்தா மட்டும் போதுமான்னா, போதாது. ப்ளர் வீடியோங்கிறது கேள்வித்தாள். ப்ளர எடுத்துட்டு தெளிவாக்குற மாடல் செய்யணும்னா அதே காட்சி, அதே நொடி, ப்ளர் இல்லாம எப்படி இருந்திருக்கும்ங்கிற விடைத்தாளும் வேணும். ஒரே நொடிய ரெண்டு தடவ எடுக்க முடியாதே, இந்தத் துறையில பாதி புத்திசாலித்தனம் இதை எப்படி ஏமாத்துறதுங்கிறதுலதான் போயிருக்கு.

ஒரு வழி, ரோபோ. 2012ல கோலர் குழு ஜெர்மனியில பண்ணது, மனுஷங்க கேமராவ கையில பிடிக்கிறப்ப கை எப்படி ஆடுதுனு பதிவு பண்ணி, அதே ஆட்டத்த ஒரு ரோபோ மேல கேமராவ வச்சு திரும்ப ஆட வச்சாங்க. நாலு படம், பன்னெண்டு விதமான ஆட்டம், மொத்தம் 48 ப்ளர் படம். அளவு சுத்தமா இருக்கும், ஆனா முன்னாடி இருக்குறது சுவத்துல மாட்டுன மாதிரி அசையாத காட்சி, ஆள் நடக்க முடியாது வண்டி ஓட முடியாது.

ரெண்டாவது வழிதான் இன்னைக்கு எல்லாரும் பண்றது, ஏன்னா யார் வேணா பண்ணலாம். ஸ்லோமோஷன்ல எடுத்த தெளிவான ஃப்ரேம்கள அடுத்தடுத்து எடுத்து சராசரி போட்டா ப்ளர் தானா வந்துடும், நடுவுல இருக்குற ஃப்ரேம் விடைத்தாள். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்துல சுங்ஜுன் நா குழு 2017ல வெளியிட்ட கோப்ரோ டேட்டாசெட் (மாடலுக்கு கத்துக் குடுக்குற படத் தொகுப்பு) இப்டி வந்ததுதான், கோப்ரோ ஹீரோ4 கேமராவுல 240 எஃப்பிஎஸ்ல எடுத்து, 7லருந்து 13 ஃப்ரேம் வரைக்கும் சேர்த்து, 3214 ஜோடி. குடத்துக் கணக்குல சொன்னா, சின்னச் சின்ன நேரமா பிடிச்ச தண்ணிய எல்லாம் ஒரே அண்டாவுல ஊத்துற வேலை.

ஊத்துறப்ப சிந்தாம ஊத்தணும், அங்கதான் வழுக்கும். நம்ம ஃபேனுக்கே வாங்க. 240 எஃப்பிஎஸ்ல ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவுல றெக்கை 9.5 டிகிரி நகருது. ஷட்டர் 1/4000ல வச்சு எடுத்திருந்தா அதுல அரை டிகிரி சொச்சம்தான் பதிவாகுது, மிச்ச ஒன்பது டிகிரி ஷட்டர் மூடியிருந்தப்ப போயிடுச்சு. ஏழு ஃப்ரேம சராசரி போட்டா பொட்டு ஒரே வில்லா வராது, ஏழு தனித்தனிப் பொட்டா மங்கலா வரும். கண்ணு பார்த்த உடனே சொல்லிடும் இது போலின்னு, மாடலுக்கோ அந்த ஏழு பொட்டுதான் ப்ளர்னு பாடம் ஆயிடும், நிஜ ப்ளர் வந்தா முழிக்கும். சரி ஷட்டர நீளமா வைப்போம், இடைவெளியே இருக்காதேன்னா, விடைத்தாளே கலங்கிப் போகுது. இழுபறிதான். 2019ல வந்த ரெட்ஸ் டேட்டாசெட்டுல 120 எஃப்பிஎஸ்ல எடுத்துட்டு நடுவுல உள்ள ஃப்ரேம்கள கம்ப்யூட்டரால உருவாக்கி 1920 எஃப்பிஎஸ் வரைக்கும் கொண்டு போய் அப்புறம் சராசரி போட்டாங்க. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு பிக்சலுக்கு மேல நகராத காட்சியா எடுத்தாலே போதும். ஃபேன ஒண்ணாம் நம்பர்ல வைங்க, இல்ல தூரமா போய் எடுங்க.

இன்னொரு குழி, சராசரியே தப்பா போடுறது. வீடியோ ஃபைல்ல இருக்குற 0 முதல் 255 வரைக்கும் உள்ள எண்ணு வெளிச்சத்தோட நேரடி அளவு கிடையாது, நம்ம கண்ணுக்கு ஏத்த மாதிரி வளைச்சு வச்சது. ஒரு பிக்சல் பாதி நேரம் முழு வெள்ளை பாதி நேரம் முழு கருப்புன்னா, ஃபைல் எண்ண அப்டியே கூட்டி ரெண்டால வகுத்தா 128 வரும், ஆனா கேமரா நிஜமா திறந்து வச்சிருந்தா 188 பக்கம் வந்திருக்கும். அதனால முதல்ல வளைவ நிமிர்த்தி, நேரடி வெளிச்சமா மாத்தி, சராசரி போட்டு, திரும்ப வளைக்கணும். நாலு வரி கோடுதான், ஆனா முக்கால்வாசி பேரு விட்டுடுறாங்க. பைக் ஹெட்லைட்ட மட்டும் இதனாலயும் காப்பாத்த முடியாது, அது ஒவ்வொரு ஃப்ரேமுலயும் 255ல முட்டி நிக்குது, நிஜமா எவ்வளவு வெளிச்சம்னு ஃபைலுக்கே தெரியாது. நிஜ ப்ளர்ல ராத்திரி லைட்டு பளிச்சுனு கோடா ஓடும், சராசரி ப்ளர்ல நீர்த்துப் போன மோரு மாதிரி இருக்கும்.

இந்தக் குறையெல்லாம் பார்த்துட்டு மூணாவது வழிக்குப் போனாங்க, தென் கொரியாவுல போஸ்டெக் பல்கலைக்கழகத்துல 2020ல ரியல்ப்ளர்னு ஒரு டேட்டாசெட். வெளிச்சத்த ரெண்டா பிரிக்கிற கண்ணாடிக்குப் பின்னாடி ரெண்டு கேமரா, ரெண்டுக்கும் ஒரே காட்சிதான் தெரியும், ஒண்ணு 1/2 செகண்ட் திறந்து வச்சு ப்ளரா எடுக்கும், இன்னொண்ணு 1/80ல தெளிவா எடுக்கும். வேகமா எடுக்குற கேமராவுக்கு வெளிச்சம் 40ல ஒரு பங்குதான் கிடைக்கும், அத ஐஎஸ்ஓ ஏத்தி சரிக்கட்டணும், ஏத்துனா படத்துல பொடிப் பொடிப் புள்ளியா இரைச்சல் வரும். இலவசமா எதுவும் கிடைக்கல பாருங்க. ஆனா இங்க ப்ளர் நிஜமான ப்ளர், ராத்திரி லைட்டு கோடெல்லாம் இருக்குற மாதிரியே வந்திருக்கும். வீட்டுல இத செய்யுறது கஷ்டம், ரெண்டு கேமராவையும் பிக்சல் அளவுக்கு ஒத்துப் போக வைக்கிறதுலயே ஆயுசு போயிடும்.

மோட்டார் மூடி விஷயத்துக்கு வரேன். ஒரு வெள்ளைச் சுவத்த நோக்கி கேமராவ எவ்வளவு ஆட்டினாலும் படத்துல வெள்ளைச் சுவருதான். ப்ளர் விழுந்துச்சு, ஆனா தெரியாது, ஏன்னா பக்கத்து குடத்துலயும் அதே தண்ணிதான். அதே மாதிரி ஒரு கோடு தான் இருக்குற திசையிலயே நகர்ந்தா, தன் மேலயே தேயும், அகலம் கூடாது. மூடியோட விளிம்பு வட்டம், நகர்றதும் அதே வட்டத்துலதான், அதனால கச்சிதமா நின்னுச்சு. மூடியில ஏதாவது எழுத்து இருந்தா பாருங்க, அது அழிஞ்சு போயிருக்கும். இதை ஏன் இவ்வளவு இழுக்குறேன்னா, டேட்டா எடுக்குறப்ப பின்னணியில எல்லாத் திசையிலயும் கோடும் புள்ளியும் இருக்கணும். பேப்பர ஒட்டுங்க, கட்டம் போட்ட லுங்கிய தொங்க விடுங்க, புள்ளி வச்ச கோலம் ரொம்ப அருமை. வெறும் சுவரு, வெறும் வானம் வேண்டாம்.

ரோலிங் ஷட்டர் பத்தி ஒரு வார்த்தை. போன் சென்சார் எல்லா வரிசையையும் ஒரே நேரத்துல படிக்காது, மேலருந்து கீழ ஒவ்வொண்ணா படிக்கும், அதுக்குள்ள றெக்கை நகர்ந்துடும், அதனால வேகமான ஷட்டர்ல கூட றெக்கை வாழை இலை மாதிரி வளைஞ்சு தெரியும். அது ப்ளர் இல்ல, ஆனா ப்ளர அளக்குறப்ப கணக்க கெடுக்கும், பொட்டு வில்ல அளக்குறப்ப ரெண்டு மூணு ஃப்ரேம்ல வேற வேற இடத்துல அளந்து பாத்துக்கங்க.

எடுத்த ஃபைல தயவு செஞ்சு வாட்சப்ல அனுப்பாதீங்க. எடுக்குறப்பவே பிட்ரேட்ட (ஒரு செகண்ட் வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா செலவாகுதுங்கிறது) எவ்வளவு ஏத்த முடியுமோ ஏத்தி வைங்க, கேபிள் போட்டு காப்பி பண்ணுங்க. கம்ப்ரெஷன் பண்றப்ப முதல்ல தூக்கி எறியுறது நுணுக்கமான விவரத்தத்தான், அதனால சுருக்குன வீடியோவுல இருக்குற மங்கல்ல எது மோஷன் ப்ளர் எது கம்ப்ரெஷன்னு அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. போன் வீடியோவுல ஃப்ரேம் இடைவெளியும் சமமா இருக்கும்னு நம்பாதீங்க, ஒவ்வொரு ஃப்ரேமோட டைம்ஸ்டாம்ப எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு க்ளிப்புக்கும் ஷட்டர், ஐஎஸ்ஓ, எஃப்பிஎஸ், எந்த லென்ஸ், பொருள் எவ்வளவு தூரம், எது ஆடுச்சு, கேமராவா பொருளா ரெண்டுமா, இதெல்லாம் ஒரு ஷீட்ல அன்னைக்கே எழுதிடுங்க, ஒரு வாரம் கழிச்சு எல்லா ஃபேன் வீடியோவும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ரோட்டுக்குப் போனீங்கன்னா முகம், நம்பர் ப்ளேட் எல்லாம் விழும், ஆளுங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க, வெளியிடுறதா இருந்தா மறைச்சுட்டு வெளியிடுங்க.

கடைசியா டேட்டாவ ட்ரெயின், டெஸ்ட்னு பிரிக்கிறது, அதாவது மாடல் கத்துக்க ஒரு பங்கு, அத சோதிச்சுப் பார்க்க ஒரு பங்கு. ஃப்ரேம்கள சீட்டுக் கட்டு மாதிரி கலைச்சுப் போட்டு பிரிச்சீங்கன்னா பத்தாவது ஃப்ரேம் ட்ரெயின்ல இருக்கும் பதினொண்ணாவது டெஸ்ட்ல இருக்கும், ரெண்டும் இரட்டைப் புள்ளைங்க. காட்சி காட்சியாத்தான் பிரிக்கணும், கோப்ரோ டேட்டாசெட்டுல கூட 33 காட்சியில 22 ட்ரெயினுக்கு, 11 டெஸ்டுக்குன்னு தனியா வச்சிருக்காங்க. என் வீட்டுல இப்ப ஹால் ஃபேன் ட்ரெயினுக்கு, பெட்ரூம் ஃபேன் டெஸ்டுக்கு, ரெண்டுலயும் பொட்டு இருக்கு.